ஜெயிலுக்குள் கூத்துக் கட்டப் போகிறவர்களுக்கு

ஏழு மாதம். முதல் கடிதம் கொடுத்த நாளிலிருந்து முதல் ஒத்திகை வரை எங்களுக்கு ஆன காலம் அது. அதில் பாதிக்கு மேல் எங்கள் தவறாலேயே வீணாய்ப் போனது. அஸ்தம்பட்டியைத் தாண்டும்போதெல்லாம் மத்தியச் சிறைப் பக்கம் பார்த்து, 'உள்ளே போய் ஒரு நாடகம் சொல்லிக்கொடுத்தால் என்ன' என்று நினைக்கிற சேலத்துக்காரர்கள் இன்னும் நாலு பேராவது இருப்பார்கள், அவர்களுக்காகத்தான் இது. நாங்கள் எந்தச் சிறையில் நடத்தினோம் என்று எழுதவில்லை. உள்ளே இருந்தவர்கள் யாரென்று யாரும் ஊகிக்க வேண்டாம். தமிழ்நாட்டில் மத்தியச் சிறைகள் ஒன்பது, நடைமுறை எங்கே போனாலும் ஏறக்குறைய ஒன்றுதான்.

நாங்கள் மூன்று பேர். நான், ஒரு தோழி, மேட்டூர்ப் பக்கத்துத் தெருக்கூத்து வாத்தியார் ஒருவர். நாடகம் தெரியும், ஜெயில் தெரியாது. அந்த இடத்தில்தான் அடி வாங்கினோம்.

1. யாரோடு வேலை என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

'சிறைவாசிகளுக்கு நாடகப் பயிற்சி' என்று பொதுவாக எழுதிக் கொடுத்தால் முதல் கேள்வியே 'எந்தச் சிறைவாசிகளுக்கு?' என்றுதான் வரும். தண்டனைக் கைதி, விசாரணைக் கைதி, குண்டர் சட்டத்தில் உள்ளவர் என்று மூன்று வகை உண்டு. தங்கும் பிளாக் வேறு, நேரம் வேறு, கட்டுப்பாடும் வேறு.

முதல் தடவை என்றால் தண்டனைக் கைதிகளோடு ஆரம்பியுங்கள். விசாரணைக் கைதி இன்றைக்கு ராஜா வேடத்துக்கு வசனம் மனப்பாடம் செய்வார், வியாழக்கிழமை ஜாமீனில் போய்விடுவார். அவருக்கு நல்லதுதான், உங்களுக்கு ராஜா இல்லை. வாய்தா நாளில் கோர்ட்டுக்கும் போய்விடுவார். தண்டனைக் கைதிகளும் சாதாரண விடுப்பில் போவார்கள், வேறு சிறைக்கு மாற்றப்படுவார்கள், ஆனால் அது கொஞ்சம் முன்கூட்டியே தெரியும். செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாளையொட்டி முன்விடுதலை பற்றிய பேச்சு கிளம்பும்போது ஆயுள் கைதிகள் யாருக்கும் ஒத்திகையில் மனம் நிற்காது. அந்த மாதத்தில் நிகழ்ச்சி வைக்காதீர்கள்.

பெண்கள் பகுதியில் நடத்துவதென்றால் குழுவிலும் பெண்கள் வேண்டும். பதினெட்டு வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் இருக்கும் கூர்நோக்கு இல்லம் சிறைத்துறையின் கீழ் வராது. அந்த மனுவை இங்கே கொண்டுவந்து கொடுத்தால் ஒரு மாதம் போய்விடும். போயிற்று எங்களுக்கு.

2. மனு

முதல் கடிதத்தை நான் நாலு பக்கம் எழுதினேன். கலை மனிதனை எப்படி மாற்றுகிறது, கிரேக்க அரங்கம், தெருக்கூத்தின் தொன்மை, எல்லாம் இருந்தது. எத்தனை பேர், எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு, எத்தனை வாரம் என்பது மட்டும் இல்லை. மேசைக்கு மேசை போகும் காகிதத்தில் அது மட்டும்தான் வேண்டும். இரண்டாவது கடிதம் ஒரே பக்கம். அதுதான் நகர்ந்தது.

சிறைக் கண்காணிப்பாளருக்கு எழுதுங்கள். ஆனால் அதற்கு முன்னால் சிறை நல அலுவலரைப் போய்ப் பாருங்கள். உங்கள் வேலை கடைசியில் அவர் தலையில்தான் விழப்போகிறது, ஆகவே அவருக்குத் தெரியாமல் மேலே போன காகிதம் அவரிடமே குறிப்பு கேட்டுத் திரும்பி வரும். ஒரே நாள் நிகழ்ச்சியாக இருந்தால் சீக்கிரம் முடியும். வாரா வாரம் வருகிற பயிற்சி என்றால் எங்களுடையதைப் போல சிறைத்துறைச் சரக டிஐஜி (சேலம் கோவைச் சரகத்தில் வருகிறது), சென்னை எழும்பூரில் இருக்கும் தலைமையகம் என்று சுற்றிவர வாய்ப்பு உண்டு. அதற்கென்று இரண்டு மூன்று மாதத்தை இப்போதே கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

கடிதத்தில் இருக்க வேண்டியவை: எத்தனை பேருக்கு (15 முதல் 20, அதற்கு மேல் கேட்காதீர்கள்), எந்தக் கிழமை, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, எத்தனை வாரம், உள்ளே வருகிறவர்கள் பெயர், என்னென்ன பொருள் கொண்டுவருவீர்கள், செலவு யாருடையது. 'சிறைத்துறைக்கு எந்தச் செலவும் இல்லை' என்ற வரியை மறக்காதீர்கள்.

எழுதவே கூடாத சொல் ஒன்று உண்டு, அது 'ஆவணப்படம்'. 'பயிற்சியைச் சிறு ஆவணப்படமாகவும் எடுக்க எண்ணியுள்ளோம்' என்று சும்மா அழகுக்கு ஒரு வரி சேர்த்திருந்தோம். 2015இல் மத்திய உள்துறை அமைச்சகம் அனுப்பிய நெறிமுறைகளில், சிறைக்குள் படம் எடுப்பதற்குத் தனி அனுமதி, ஒரு லட்சம் ரூபாய் வைப்புத்தொகை, எடுத்ததைக் காட்டி ஒப்புதல் வாங்குவது என்று தனி அத்தியாயமே ஓடுகிறது. அந்த ஒரு வரியால் எங்கள் மனு அந்தக் கணக்கில் போய் விழுந்துவிட்டது. வரியை எடுத்துவிட்டுப் புதிதாகக் கொடுத்தோம்.

'இதுக்கு விதியில் இடமிருக்கா?' என்று கேட்டால் சொல்ல இரண்டு விஷயம் வைத்துக்கொள்ளுங்கள். ஐ.நா.வின் நெல்சன் மண்டேலா விதிகளில் 105ஆவது விதி, எல்லாச் சிறைகளிலும் பொழுதுபோக்கு, கலை நிகழ்ச்சிகள் இருக்க வேண்டும் என்கிறது. மத்திய அரசின் 2016 மாதிரிச் சிறைக் கையேட்டிலும் கலை நிகழ்ச்சிகளுக்கு இடம் உண்டு. 'வேறெங்காவது நடந்திருக்கா?' என்பது அடுத்த கேள்வி. மைசூருச் சிறையில் ரங்காயணத்தைச் சேர்ந்த ஹுலுகப்பா கட்டிமனி சிறைவாசிகளை வைத்துப் பல ஆண்டுகளாக நாடகம் போட்டிருக்கிறார். கொல்கத்தாவில் நடனக் கலைஞர் அலோகானந்தா ராய் சிறைவாசிகளை வைத்துத் தாகூரின் நாட்டிய நாடகத்தை வெளி அரங்குகளிலேயே நடத்தினார். இரண்டையும் மூன்று வரியில் எழுதிப் பின்னால் இணையுங்கள், போதும்.

இன்னொன்று. 'நாடகம் போட' அனுமதி கேட்காதீர்கள், 'வாரம் ஒருநாள் பயிற்சி, 12 வாரம்' என்று கேளுங்கள், கடைசி வாரம் நிகழ்ச்சி என்று ஒரு வரி இருந்தால் போதும். நாடகம் என்று கேட்டால் சுதந்திர தினத்துக்கோ காந்தி ஜெயந்திக்கோ ஒரு மணி நேரம் கிடைக்கும். மேடை, மைக், சால்வை, போட்டோ, முடிந்தது கதை. உள்ளே இருப்பவர்கள் அப்படி வந்து போனவர்கள் பலரைப் பார்த்திருக்கிறார்கள். மூன்றாவது வாரமும் நீங்கள் அதே நேரத்துக்கு வந்து நிற்கும்போதுதான் முகம் பார்த்துப் பேசவே ஆரம்பிப்பார்கள்.

3. காகிதங்கள்

பதிவு பெற்ற அமைப்பு வேண்டும். டிரஸ்ட் என்றால் பதிவு செய்த பத்திரம், சங்கம் என்றால் பதிவுச் சான்று, கூடவே பான் கார்டு. எங்களைப் போல வெறும் மூன்று பேர் என்றால் ஏற்கெனவே இயங்குகிற ஒரு டிரஸ்டின் பெயரில் போங்கள், அவர்களுடைய லெட்டர்பேடில் ஒரு பரிந்துரைக் கடிதமும் வாங்கிக்கொள்ளுங்கள். இதற்கென்று புதிதாக டிரஸ்ட் ஆரம்பிக்க வேண்டாம், நேற்றுப் பதிவான டிரஸ்ட் என்றால் இன்னும் நாலு கேள்வி வரும். கூத்துக் கலைஞர்களுக்கு நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரிய அட்டை இருந்தால் அதன் நகலை வையுங்கள், நல்ல மரியாதை இருக்கிறது.

ஒவ்வொருவருக்கும் ஆதார் நகல், இரண்டு போட்டோ, போலீஸ் நன்னடத்தைச் சான்று. சான்றுக்குத் தமிழ்நாடு காவல்துறை இணையதளத்திலேயே விண்ணப்பிக்கலாம், நாங்கள் போட்டபோது தலைக்கு 500 ரூபாய். பதினைந்து நாளில் வந்துவிடும் என்று நினைத்தோம். வாத்தியாருக்கு மட்டும் ஏழு வாரம் ஆனது.

காரணம் இனிஷியல். ஆதாரில் அவர் பெயர் அப்பா பெயரோடு விரிவாக இருக்கிறது, வாரிய அட்டையில் ஒரே எழுத்து இனிஷியல், ரேஷன் கார்டில் இனிஷியலே இல்லை. விசாரிக்க வந்தவர் மூன்றையும் வைத்துப் பார்த்துவிட்டு 'இது மூணும் ஒரே ஆளுதானா?' என்று கேட்டார். வாத்தியார் 'அர்ச்சுனனுக்குப் பத்துப் பேருங்க சார்' என்று சொல்லிவைத்தார். அது அந்த நேரத்தில் சொல்ல வேண்டிய வசனம் அல்ல. மனு, ஆதார், சான்று மூன்றிலும் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கிறதா என்று விண்ணப்பிக்கும் முன்னாலேயே பாருங்கள். இல்லையென்றால் முதலில் ஆதாரைத் திருத்துங்கள்.

காலத்தையும் பாருங்கள். சேலத்தில் ஆடி மாதம் கோட்டை மாரியம்மன் பண்டிகை, குகை வண்டி வேடிக்கை என்று போலீஸ்காரர்கள் முழுக்கப் பந்தோபஸ்தில் இருப்பார்கள். மே மாதம் ஏற்காடு கோடை விழா. தேர்தல் வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். தை, மாசியில் விண்ணப்பித்தால் நிம்மதி.

4. கதையும் பிரதியும்

முழுப் பிரதியையும் முன்கூட்டியே கொடுக்க வேண்டும், வசனம் உட்பட. தட்டச்சு செய்து, பக்க எண் போட்டு, மூன்று நகல். கூத்துக்காரர்களுக்கு இது பெரிய சிக்கல், ஏனென்றால் கூத்தில் பாதி அந்த நேரத்தில் வாயில் வருவதுதான்.

எங்கள் குழுவில் கட்டியங்காரன் (கூத்தின் கோமாளி) வேடம் போட்ட சிறைவாசி பிறவிக் கலைஞர், அதற்கு முன் மேடையே ஏறாதவர். ஒன்பதாவது வாரம் அதிகாரி ஒருவர் ஒத்திகையைப் பார்க்க வந்தார். ராஜா 'மந்திரி, நாட்டில் மாதம் மும்மாரி பொழிகிறதா?' என்று கேட்டதும் நம்ம ஆள், 'பொழியுது மன்னா, எல்லாம் சாம்பார்லதான் பொழியுது. பருப்பைத் தேடி ஒற்றனை அனுப்பிருக்கேன், மூணு நாளாச்சு, இன்னும் கரை ஏறலை' என்றார். கூடம் அதிர்ந்தது. அதிகாரியும் சிரித்தார். மறுநாள் பிரதியைத் திரும்பவும் முதலிலிருந்து படித்துப் பார்க்க வேண்டும் என்று தகவல் வந்தது, ஒரு வாரம் போயிற்று.

அதனால் இப்படிச் செய்யுங்கள். பிரதியில் இரண்டு இடத்தில் 'கட்டியங்காரன் ஊர் நடப்பு பேசுதல், 3 நிமிடம்' என்று எழுதி, எதைப் பற்றி என்பதையும் அடைப்புக்குறிக்குள் போடுங்கள்: மாம்பழ விலை, ஏற்காடு பஸ்ஸில் ஜன்னல் சீட்டு, மாப்பிள்ளை முறுக்கு. சாப்பாடு, வார்டர், கோர்ட்டு, ஜாமீன் நான்கும் வேண்டாம். சப்பென்று இருக்குமே என்று தோன்றும். உண்மையில் மாப்பிள்ளை முறுக்கிலேயே அவர் எல்லோரையும் உருட்டி எடுத்துவிட்டார்.

சொந்தக் கதையை நாடகமாக்கச் சொல்லாதீர்கள். வெளியில் நடக்கும் பட்டறைகளில் இது வழக்கம், 'உங்கள் வாழ்க்கையிலிருந்து ஒரு சம்பவம்' என்று ஆரம்பிப்பார்கள். உள்ளே அது ஆபத்து. மேல்முறையீடு நிலுவையில் இருப்பவர் கூட்டத்தின் நடுவே தன் வழக்கைப் பற்றி ஏதாவது சொல்லிவிட்டால் அது எங்கே போய் நிற்கும் என்று உங்களுக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. பாரதக் கதையில் ஒரு துண்டை எடுங்கள். தாயைக் கடைசியில் பார்க்கிற கர்ணனை நடிக்கிறவர் தனக்கு வேண்டியதை அதற்குள்ளேயே வைத்துக்கொள்வார், யாரும் கேட்க வேண்டியதில்லை.

போலீஸ், வார்டர் பாத்திரம் வேண்டாம், காக்கித் துணியே உள்ளே வராது. நாற்பது நிமிடத்துக்குமேல் எழுதாதீர்கள். ஒவ்வொரு வேடத்துக்கும் இரண்டு பேரைத் தயார் செய்யுங்கள், முக்கிய வேடத்துக்கு மூன்று.

5. கேட்டில்

நீங்கள் அதிக நேரம் நிற்கப்போவது இங்கேதான்.

போன், ஸ்மார்ட் வாட்ச், பென் டிரைவ், ப்ளூடூத் ஸ்பீக்கர், பீடி, தீப்பெட்டி, பணம் எல்லாவற்றையும் வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். கேட்டில் வாங்கி வைப்பார்கள் என்றாலும், பையின் மூலையில் மறந்துபோன ஒரு ஊக்கு போதும், மொத்தப் பையையும் கொட்டிப் பார்க்க. கண்ணாடி, கயிறு, கம்பி, வாள், ஒட்டுத்தாடி, டோப்பா, முகமூடி எதுவும் நடக்காது. ஏன் என்று யோசித்தால் நியாயம்தான், முகத்தை மறைக்கும் எதுவும் தலை எண்ணுகிற இடத்தில் ஆகாது. சாதா சட்டை பேன்ட்டைக்கூட வேடத்துக்கென்று கொண்டுபோகாதீர்கள். அதைப் போட்டுக்கொண்டு உங்களோடு ஒருவர் நடந்து வந்துவிட முடியும் என்பதுதான் அவர்கள் கவலை.

முதல் வேடப் பயிற்சிக்கு வாத்தியார் கால் கிலோ முத்துவெள்ளை கொண்டுவந்தார். ஒரு பிளாஸ்டிக் கவரில் வெள்ளைப் பொடி, இடம் ஜெயில் கேட். இப்போது எழுதும்போது சிரிப்பு வருகிறது, அன்றைக்கு வரவில்லை. 'என்னங்க இது?' 'முத்துவெள்ளைங்க சார், மூஞ்சிக்குப் பூசறது.' வார்டர் முகர்ந்து பார்த்தார், இன்னொருவரைக் கூப்பிட்டார், அவர் மூன்றாமவரைக் கூப்பிட்டார். கடைசியில் வாத்தியார் தேங்காயெண்ணெய் விட்டுக் குழைத்துத் தன் கன்னத்திலேயே பூசிக் காட்டினார். நம்பினார்கள், ஆனால் உள்ளே விடவில்லை, பட்டியலில் இல்லாத பொருள். பாதி வெளுத்த முகத்தோடு அவர் அன்றைக்குப் பாடம் நடத்தினார். அடுத்த வாரம் செவ்வாய்ப்பேட்டையில் பில்லோடு வாங்கி, 'நாடக முகப்பூச்சு, வெள்ளை, 100 கிராம்' என்று பட்டியலில் எழுதியதும் மறுபேச்சு இல்லாமல் போனது.

எனவே பட்டியல். ஒவ்வொரு வாரமும், இரண்டு நகல், உங்கள் கையெழுத்தோடு. பொருளின் பெயர், எண்ணிக்கை, நிறம். 'சலங்கை 1 ஜோடி' என்று எழுதாதீர்கள், 'சலங்கை 1 ஜோடி, மணி 100' என்று எழுதுங்கள். ஐந்தாவது வாரம் வெளியே வரும்போது எண்ணிப் பார்த்தால் 99தான் இருந்தது. சின்ன உலோகத் துண்டு, அவ்வளவுதான், ஆனாலும் அது கிடைக்கிற வரை யாரும் கூடத்தைவிட்டு நகர முடியாது, நாங்களும்தான். நாற்பது நிமிடம். ஜமுக்காளத்தை உதறியபோது மடிப்பிலிருந்து விழுந்தது. எடுத்த வார்டர் அதை உள்ளங்கையில் வைத்துக் காதருகே ஒரு தடவை குலுக்கிப் பார்த்துவிட்டுக் கொடுத்தார். அன்றிரவே வாத்தியார் எல்லா மணியையும் கெட்டி நூலால் திரும்பத் தைத்துவிட்டார்.

கிரீடம், தோளில் கட்டும் புஜக்கட்டை எல்லாம் உள்ளேயே செய்யலாம். கேன்டீனுக்கு வருகிற அட்டைப்பெட்டி, பழைய செய்தித்தாள், மரவள்ளிக்கிழங்கு மாவில் காய்ச்சிய பசை போதும். பசை அடுப்பைச் சிறைக்காரர்களிடமே விட்டுவிடுங்கள். கத்தரிக்கோலுக்கு அனுமதி கிடைக்காது, ஸ்கேலை வைத்து அட்டையைக் கிழிக்கப் பழகிக்கொள்வீர்கள்.

6. ஒத்திகை

காலை பத்து முதல் பன்னிரண்டு நல்ல நேரம். மாலையில் கேட்காதீர்கள், ஆறு மணிக்கெல்லாம் லாக்கப், அதற்கு முன் சாப்பாடு, தலை எண்ணிக்கை. இரண்டு மணி நேரம் என்று அனுமதி இருந்தாலும் ஆட்களை பிளாக்கிலிருந்து கூட்டிவரும் நேரத்தைக் கழித்தால் கையில் நிற்பது ஒன்றேகால் மணி நேரம். 12 வாரத்துக்கு அனுமதி வாங்கினோம், நடந்தது 9.

முதல் நாளே கண்ணைக் கட்டிவிடும் விளையாட்டு, பின்னால் சாய்ந்து விழுகிறவரைப் பிடிக்கும் விளையாட்டு எல்லாம் வேண்டாம். கண்ணை மூடி மற்றவர் கையில் விழ அங்கே யாரும் தயாரில்லை. பாட்டில் ஆரம்பியுங்கள். வாத்தியார் ஒரு விருத்தம் பாடி, பின்பாட்டுக்கு எல்லோரையும் சேர்த்துக்கொண்டார், வேலை முடிந்தது.

'என்ன கேஸ்?' என்று எப்போதும் கேட்காதீர்கள். அவர்களாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள், மேற்கொண்டு எதுவும் துருவ வேண்டாம்.

'வீட்டுக்கு ஒரு போன் மட்டும் பண்ணிச் சொல்லிடுங்கண்ணா', 'இந்த லெட்டரை மட்டும் பெட்டியில போட்டுடுங்க சார்.' இது கட்டாயம் வரும், பெரும்பாலும் நான்காவது வாரம், நன்றாகப் பழகிய பிறகு, உங்களுக்கு ரொம்பப் பிடித்துப்போன ஒருவரிடமிருந்து. செய்யாதீர்கள். 1894ஆம் ஆண்டுச் சிறைச் சட்டத்தின் 42ஆவது பிரிவு இதற்கென்றே இருக்கிறது, பொருளை உள்ளே வெளியே கடத்துவதும் விதிக்குப் புறம்பாகத் தகவல் கொண்டுபோவதும் குற்றம், சிறைத்தண்டனை வரை போகும். 'நல அலுவலர்கிட்ட நான் சொல்றேன்' என்று சொல்லுங்கள், சொன்னபடி அன்றைக்கே அவரிடம் போய்ச் சொல்லிவிட்டு வாருங்கள். இல்லையென்றால் அடுத்த வாரம் உங்களிடம் கேட்டவரின் முகத்தைப் பார்க்க முடியாது.

7. செலவு

12 வாரக் கணக்கு. நன்னடத்தைச் சான்று மூன்று பேருக்கு 1,500. ஜெராக்ஸ், ஸ்பீட் போஸ்ட் 640. வாத்தியாருக்கு நாளுக்கு 1,000 வீதம் 12,000. பஸ், ஆட்டோ 4,200. துணி, வண்ணம், ஒப்பனை 3,100. நிகழ்ச்சி நாளில் கேன்டீன் வழியாக டீ, வடை 2,400. மொத்தம் 23,840 ரூபாய்.

ரத்தான மூன்று நாளுக்கும் வாத்தியாருக்குப் பணம் கொடுத்தோம், அதில் இரண்டு நாள் அவர் கேட் வரை வந்து திரும்பினார். கலைஞரைக் கூட்டிப்போகிறவர்கள் இதை முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். வெளியிலிருந்து இனிப்பு, பலகாரம் வாங்கிக்கொண்டு போகாதீர்கள், தட்டுவடை செட் கட்டிக்கொண்டு போய் அதையும் ஒருதடவை திருப்பி எடுத்துவந்தோம்.

8. நிகழ்ச்சி நாளும் மறுநாளும்

குடும்பத்தாரை அழைக்க முடியுமா என்று முன்பே கேளுங்கள், அன்றைக்குக் கேட்டால் முடியாது. விருந்தினர் பட்டியல் ஒரு வாரம் முன்னால். மேடைப் பேச்சை மொத்தம் பத்து நிமிடத்துக்குள் அடக்குங்கள், லாக்கப் நேரம் நெருங்கினால் வெட்டு விழுவது நாடகத்துக்குத்தான், பேச்சுக்கு அல்ல. போட்டோ சிறைத்துறை எடுத்தால் எடுக்கட்டும், நீங்கள் வாங்கி எங்கும் போடாதீர்கள். வெளியே போய்ப் பிழைக்கப் போகிறவர்கள் முகம் அது.

பங்கெடுத்தவர்களுக்குச் சான்றிதழ் கொடுங்கள், ஆனால் தலைப்பில் சிறையின் பெயர் வேண்டாம், டிரஸ்ட் பெயரும் 'தெருக்கூத்துப் பயிற்சி' என்பதும் போதும். மறுநாளே நன்றிக் கடிதம், ஒரு பக்க அறிக்கை, திரும்பக் கொண்டுவந்த பொருள் பட்டியல் மூன்றையும் கொடுத்துவிடுங்கள்.

நீட்டிப்பு மனுவை எட்டாவது வாரமே போடுங்கள். நாங்கள் எல்லாம் முடிந்த பிறகு போடலாம் என்று இருந்துவிட்டோம். கடைசி நாள் அரிதாரத்தைத் துடைத்துக்கொண்டே கட்டியங்காரன், 'அடுத்த செவ்வாக்கிழமை பத்து மணிக்குத்தானுங்க வாத்தியாரே?' என்று கேட்டார். அனுமதி அன்றோடு முடிந்திருந்தது. வாத்தியார் என்னைப் பார்த்தார். இரண்டாவது மனு இப்போது மேலே போயிருக்கிறது, இது ஐந்தாவது வாரம்.